லாகர் ஈஸ்ட்: பவேரியாவின் குகைகளிலிருந்து பூந்தமல்லி வரை

லாகர் ஈஸ்ட் என்பது குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதித்து பீர் தரும் ஒரு நுண்ணுயிர் ஆகும். ஈஸ்டைத் தமிழில் மதுவம் என்றும் கூறுவர். உலகில் இன்று விற்கப்படும் பீரில் பெரும்பகுதி லாகர் வகையைச் சேர்ந்தது. பூந்தமல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கம், அரண்வாயல் ஆகிய ஊர்களில் உள்ள ஆலைகளில் தயாராகும் பீரும் அவ்வகையே. குளிர் விரும்பும் இந்த ஈஸ்ட், கோடையில் 38 டிகிரி செல்சியஸை எட்டும் ஒரு சமவெளிக்கு வந்து சேர ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றின் பெரும்பகுதியில் ஈஸ்டைத் தேர்ந்தெடுத்தது மனிதன் அல்ல, தட்பவெப்பமே. 1883ஆம் ஆண்டுக்குப் பிறகே மனிதன் தேர்ந்தெடுக்கத் தொடங்கினான். இன்று சிறு உறைகளில் விற்கப்படும் உலர் லாகர் ஈஸ்ட் அத்தேர்வை வீட்டுச் சமையலறை வரை கொண்டு வந்துள்ளது. எனினும் எந்த ஈஸ்டை எடுப்பது என்ற கேள்விக்கு, அது எந்த வெப்பத்தில் வேலை செய்யப்போகிறது என்பதே இன்றும் முதல் விடையாக உள்ளது.

இரு வகை ஈஸ்ட்

முளைக்கட்டிக் காயவைத்த பார்லி, மால்ட் எனப்படும். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். இச்சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்டைச் சேர்ப்பர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, ஆல்ககாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இவற்றோடு மணமும் சுவையும் தரும் வேறு பல பொருள்களும் சிறிதளவில் உண்டாகின்றன.

பீர் ஈஸ்டில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. முதலாவது ஏல் ஈஸ்ட். இதன் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டிக் கடையில் பயன்படும் ஈஸ்டும் இதே இனம்தான். இது பொதுவாக 16 முதல் 22 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும். நொதிக்கும்போது நுரையோடு மேலே திரளும். இரண்டாவது லாகர் ஈஸ்ட். இதன் பெயர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். இது 8 முதல் 14 டிகிரி வரை நொதித்து, முடிவில் பாத்திரத்தின் அடியில் படியும். ஆகவே இதை அடிநொதி ஈஸ்ட் என்றும் குறிப்பர்.

வெப்பம் கூடும்போது ஈஸ்ட் வேகமாகப் பெருகும். அப்போது எஸ்டர் எனப்படும் பழமணப் பொருள்களும், தொண்டையில் எரிச்சல் தரும் உயர் ஆல்ககால்களும் மிகுதியாக உண்டாகும். ஏல் வகையில் ஓரளவு பழமணம் விரும்பப்படுகிறது. லாகரில் அது குறையாகக் கருதப்படுகிறது. மால்ட்டும் ஹாப்ஸும் மட்டும் தெரியும் சுத்தமான சுவையே அதன் அடையாளம். குளிரில் மெதுவாக நொதித்து, பின் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் கிடப்பில் இருந்தால்தான் அச்சுவை வரும். லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கிடங்கு அல்லது சேமித்து வைக்கும் இடம் என்பதே பொருள்.

பவேரியாவின் குளிர்காலச் சட்டம்

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் 1516ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்று மட்டுமே இருக்கலாம் என்று அது கூறியது. ஈஸ்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நொதித்தலுக்கு உயிருள்ள ஒன்று காரணம் என்பது அன்று எவருக்கும் தெரியாது. முந்தைய பாத்திரத்தின் வண்டலை அடுத்த பாத்திரத்தில் ஊற்றினால் பீர் பொங்கும் என்பது மட்டும் அனுபவத்தில் தெரிந்திருந்தது.

கோடையில் தயாரித்த பீர் அடிக்கடி கெட்டது. ஆகவே 1553ஆம் ஆண்டு பவேரிய ஆட்சியாளர் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் தயாரிப்பைத் தடை செய்தார். குளிர்காலத்தில் தயாரித்த பீரைக் குகைகளிலும் நிலவறைகளிலும் பனிக்கட்டியோடு சேர்த்து வைத்துக் கோடையில் குடித்தனர். இச்சட்டம் ஈஸ்டை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டதல்ல. ஆனால் ஆண்டுதோறும் குளிரில் மட்டுமே நொதிக்கவைத்ததால், குளிரைத் தாங்கும் ஈஸ்ட்கள் மட்டும் வண்டலில் தங்கின. மற்றவை பின்தங்கி மறைந்தன.

அவ்வாறு நிலைத்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. அதன் ஒரு பெற்றோர் ஏல் ஈஸ்ட். இன்னொரு பெற்றோர் எது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2011ஆம் ஆண்டு, தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் ஒருவகை பீச் மரங்களின் முண்டுகளில் வாழும் ஈஸ்ட் ஒன்றை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சாக்கரோமைசிஸ் யூபயானஸ் எனப் பெயரிடப்பட்ட அதன் மரபணு, லாகர் ஈஸ்டின் மறுபாதியோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. 2014இல் திபெத்திலும், 2022இல் அயர்லாந்திலும் அதே இனம் கிடைத்ததாக ஆய்வுகள் வெளிவந்தன. குளிரைத் தாங்கும் திறன் யூபயானஸிடமிருந்தும், மால்ட் சர்க்கரையை நன்கு உண்ணும் திறன் ஏல் ஈஸ்டிடமிருந்தும் லாகர் ஈஸ்டுக்கு வந்தன. மியூனிக் நகர அரசவை பீர் ஆலையில் 1602க்கும் 1615க்கும் இடையே இக்கலப்பு நிகழ்ந்திருக்கலாம் என்ற கருத்தை 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு முன்வைத்தது.

மதராசுக்கு வந்த பீர்

பவேரியாவில் லாகர் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் மதராசில் குடிக்கப்பட்டது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஏல் ஆகும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகரின் ஆல்சாப், பாஸ் ஆலைகளும் இந்தியாவுக்கு பீர் அனுப்பின. ஹாப்ஸ் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட அவ்வகை பின்னர் இந்தியா பேல் ஏல் என்று பெயர் பெற்றது.

உள்ளூரிலேயே தயாரித்தால் கப்பல் செலவு மிச்சம். ஆனால் வெப்பம் இடம் கொடுக்கவில்லை. சென்னையின் மேற்கே ஆவடி, பூந்தமல்லி, சென்னீர்குப்பம் வட்டாரத்தில் மார்கழி, தை மாத விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மே மாத இரவுகளிலும் வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. இந்த வெப்பத்தில் ஏல் ஈஸ்ட்கூட நல்ல பீர் தராது. பாக்டீரியா அதைவிட வேகமாகப் பெருகிப் பீரைப் புளிக்கவைத்துவிடும்.

பனிக்கட்டியும் வெளியிலிருந்தே வர வேண்டியிருந்தது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர், பாஸ்டன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு அவரது முதல் சரக்கு வந்தது. மதராசில் அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. இன்று விவேகானந்தர் இல்லம் என அறியப்படும் கட்டடம் அதுவே. அந்தப் பனிக்கட்டி குடிக்கும் பானங்களைக் குளிர்விக்கவும் நோயாளிகளுக்கும் பயன்பட்டது. வாரக்கணக்கில் ஓர் ஆலையைக் குளிர்விக்கும் அளவுக்கு அது மலிவானதாக இல்லை.

மலையேறிய ஆலைகள்

குளிரை விலைக்கு வாங்க முடியாதவர்கள் குளிர் இருக்கும் இடத்துக்குச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கப்பட்ட பீர் ஆலைகளுள் பலவும் மலைகளில் அமைந்தன. இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் எட்வர்ட் டயர் 1850களில் ஓர் ஆலையைத் தொடங்கினார். பின்னாளில் ஜாலியன்வாலா பாக் படுகொலையை நடத்திய ஜெனரல் டயர் இவருடைய மகன். 1860இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள மர்ரி மலையில் மற்றோர் ஆலை எழுந்தது. இலங்கையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியா, பீர் தயாரிப்பின் இடமாயிற்று. லயன் என்ற பெயரில் இன்றும் விற்கப்படும் பீரின் தொடக்கம் அங்கேதான்.

தமிழகத்தில் அந்த இடம் நீலகிரிக்குக் கிடைத்தது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கு ஏல் ஈஸ்ட் விரும்பும் வெப்பநிலை இயல்பாகவே நிலவுகிறது. நல்ல நீரூற்றுகளும், வெலிங்டன் படைமுகாமின் சிப்பாய்களும் அருகிலேயே இருந்தனர். 1857ஆம் ஆண்டு தொடங்கிய காசில் புரூவரி தென்னிந்தியாவின் பழைமையான பீர் ஆலைகளுள் ஒன்று. 1915ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் லீஷ்மன், காசில் உள்ளிட்ட ஐந்து தென்னிந்திய ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். பெரிய மரப்பீப்பாய்களில் நிரப்பிய அதன் பீர், மாட்டு வண்டிகளில் படைமுகாம்களுக்குச் சென்றது.

இந்த மலை ஆலைகளின் தொடக்க காலத்தில் ஈஸ்டைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்த வண்டலைப் பாதுகாப்பதும், அது கெட்டால் வேறோர் ஆலையிடம் கேட்டு வாங்குவதும் மட்டுமே வழக்கம். வண்டலில் ஒரே ஈஸ்டா, பல ஈஸ்ட்களா, கூடவே பாக்டீரியாவா என்று பார்த்துச் சொல்ல வழி இல்லை.

கோபன்ஹேகன், 1883

அந்த வழியைத் திறந்தவர் டென்மார்க்கின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். இளமையில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலை செய்தவர். பின்னர் படித்து, கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்த ஆலையை 1847இல் நிறுவிய ஜே. சி. யாகோப்சன், 1845இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையிலிருந்து லாகர் ஈஸ்டைப் பெற்றுவந்தார். குதிரை வண்டிப் பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஈஸ்ட் இருந்த தகரப் பெட்டியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றி அதைக் காத்ததாகச் சொல்லப்படுகிறது.

1876இல் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பீர் கெடுவதற்கு பாக்டீரியா காரணம் என்று அவர் விளக்கினார். ஆனால் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பாக்டீரியா மிகாத பீரும் சில சமயம் கசந்து நாறியது. வண்டலில் விரும்பத்தகாத காட்டு ஈஸ்ட்களும் கலந்திருப்பதே காரணம் என்று ஹான்சன் கருதினார். வண்டலை மிகவும் நீர்த்துப்போகச் செய்து, ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதிலிருந்து ஒரு குடும்பத்தை வளர்த்தார். இவ்வாறு பிரித்த ஈஸ்ட்களுள் ஒன்று நல்ல பீரைத் தந்தது. 1883 நவம்பர் 12 அன்று அந்தத் தூய ஈஸ்ட் ஆலையில் பயன்பாட்டுக்கு வந்தது.

யாகோப்சன் இம்முறையை மறைத்து வைக்கவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம் ஈஸ்டையும் முறையையும் இலவசமாக வழங்கினார். 1886இல் பாஸ்டரின் மாணவரான எலியோன், நெதர்லாந்தின் ஹைனெகன் ஆலைக்கு ஒரு தூய ஈஸ்டைப் பிரித்துத் தந்தார். அதை அந்நிறுவனம் ஏ ஈஸ்ட் என்ற பெயரில் இன்றும் பயன்படுத்துகிறது. ஹைனெகன் 2021இல் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றது. ஈஸ்ட் வகை, அதாவது ஒரே செல்லிலிருந்து வந்த பெயருள்ள ஒரு குடும்பம் என்ற எண்ணம் 1883இலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. தேர்வு என்ற சொல்லுக்குப் பொருள் வந்ததும் அப்போதுதான்.

மலையிலிருந்து சமவெளிக்கு

தூய ஈஸ்ட் கிடைத்தாலும் அதற்குக் குளிர் தேவை. அதைத் தந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் வான் லிண்டே. அவரது குளிர்பதன இயந்திரத்தின் முதல் வடிவங்கள் 1870களில் மியூனிக் ஸ்பாட்டன் ஆலையில் சோதிக்கப்பட்டன. இயந்திரக் குளிர் பரவியபின் லாகரை எந்த ஊரிலும், எந்த மாதத்திலும் தயாரிக்க முடிந்தது. மலை தேவையற்றதாயிற்று. சிங்கப்பூரில் 1932இல் டைகர் பீர் வந்தது. நுவரெலியாவின் லயன் ஆலை 1990களின் பிற்பகுதியில் கொழும்பை அடுத்த பியகமவுக்கு இறங்கியது. தென்னிந்தியாவில் பெங்களூர் முதன்மை இடமாயிற்று.

தமிழகத்தில் இந்த இறக்கம் தாமதமானது. காரணம் வெப்பம் அல்ல, சட்டம். 1937இல் ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மதராஸ் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி தளர்த்தப்பட்டது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் எனப்படும் டாஸ்மாக் மதுவின் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இந்தப் பின்னணியில்தான் சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் செல்லும் திசையில், பீர் ஆலைகள் எழுந்தன.

இவ்வாலைகளில் நொதிக்கும் தொட்டிகள் பல மாடி உயரமுள்ள எஃகு உருளைகள். அடிப்பகுதி கூம்பு வடிவில் இருக்கும். தொட்டியின் சுவரைச் சுற்றிக் குளிர் திரவம் ஓடி, வெளியே 38 டிகிரி வெயில் இருந்தாலும் உள்ளே ஈஸ்டுக்கு வேண்டிய குளிரைத் தருகிறது. கூம்பில் படியும் ஈஸ்டைச் சேகரித்து அடுத்த தொட்டிக்குப் பயன்படுத்துவர். சில தலைமுறைகளுக்குப் பின் அது தளர்ந்துவிடும். அப்போது ஆய்வுக்கூடத்தில் காத்துவைத்த மூல வகையிலிருந்து புதிதாக வளர்ப்பர்.

உலர் ஈஸ்டின் வருகை

பேக்கரிகளிலும் மளிகைக் கடைகளிலும் கிடைக்கும் டிரை ஈஸ்ட் தமிழகத்தில் பலருக்கும் பழக்கமானது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர்க்கு ரொட்டி செய்ய, குளிர்பெட்டி இல்லாமலே கெடாத உலர் ஈஸ்டை பிளைஷ்மன் நிறுவனம் உருவாக்கியது. ஈஸ்டை வெல்லப்பாகுக் கழிவில் காற்றோட்டத்துடன் வளர்த்து, நீரைப் பிழிந்து, இடியாப்பம் போல நூல் நூலாகப் பிதுக்கி, இளஞ்சூடான காற்றில் மிதக்கவிட்டு உலர்த்துவர். முடிவில் சுமார் 5 விழுக்காடு ஈரமே மிஞ்சும். டிரெஹலோஸ் என்ற சர்க்கரை, காய்ந்த நிலையிலும் செல்லின் சவ்வைக் காக்கிறது. மீண்டும் நீர் பட்டதும் ஈஸ்ட் விழிக்கிறது.

உலர்த்தப்பட்ட முதல் ஈஸ்ட்கள் ரொட்டிக்கானவை. பின்னர் ஏல் வகைகள் வந்தன. லாகர் ஈஸ்டை உலர்த்துவது கடினமாக இருந்தது. உலர்த்தும்போது பெரும்பங்கு செல்கள் இறந்தன. ஆகவே லாகர் என்றால் திரவ ஈஸ்ட்தான் என்ற கருத்து வீட்டில் பீர் தயாரிப்போரிடம் நெடுநாள் நிலவியது. உலர்த்தும் முறைகள் மேம்பட்டபின் அக்கருத்து மாறியது.

இதற்கிடையே பல நாடுகளில் வீட்டுத் தயாரிப்பு சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கான உரிமத் தேவையை நீக்கியது. அமெரிக்காவில் 1978இல் அதற்கான சட்டம் கையெழுத்தாயிற்று. தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில், 2004 முதல் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்க அனுமதி உண்டு. சென்னையைப் போலவே வெப்பமான ஒரு நகரில் வீட்டு லாகர் என்ற சிக்கல் அங்கே நடைமுறையில் எழுகிறது.

கிடைக்கும் வகைகளும் அவற்றின் பிறப்பிடமும்

மரபணு ஆய்வில் லாகர் ஈஸ்ட்கள் இரண்டு குழுக்களாகப் பிரிகின்றன. முதற்குழு சாஸ். ஹான்சனின் கார்ல்ஸ்பெர்க் ஈஸ்ட் இதில் அடங்கும். கடும் குளிரை நன்கு தாங்கும். ஆனால் மால்டோடிரையோஸ் என்ற மூவிணைச் சர்க்கரையைச் சரியாக உண்ணாது. இரண்டாம் குழு பிரோபெர்க். இது அச்சர்க்கரையையும் உண்பதால் பீர் கூடுதல் வறட்சியோடு முடியும். சற்றுக் கூடிய வெப்பத்தையும் ஏற்கும். உலர் வடிவில் விற்கப்படும் லாகர் ஈஸ்ட்களுள் முதன்மையானவை வருமாறு:

- டபிள்யூ-34/70: மியூனிக்கை அடுத்த பிரைசிங் நகரின் வைஹென்ஸ்டெபான் ஈஸ்ட் வங்கியிலிருந்து வந்தது, பிரோபெர்க் குழுவைச் சேர்ந்தது. உலகின் ஆலைகளில் மிகப் பரவலாகப் பயன்படும் லாகர் வகை இதுவே. இதன் மரபணுத் தொடர் 2009இல் வெளியிடப்பட்டது. பிரான்சின் லெசாப்ர் குழுமத்தைச் சேர்ந்த பெர்மென்டிஸ் இதை உலர் வடிவில் தருகிறது. சுவை சுத்தமாக இருக்கும். சிறு தவறுகளைப் பொறுக்கும்.

- எஸ்-23: பெர்லினிலிருந்து வந்தது. பழமணம் சற்று மிகுதி. அம்மணத்தை விரும்புவோர் தேர்வது.

- எஸ்-189: சுவிட்சர்லாந்தின் ஹியூர்லிமன் ஆலையைச் சேர்ந்தது. 14 விழுக்காடு ஆல்ககால் கொண்ட சமிக்ளவுஸ் என்ற கடும் பீரால் அந்த ஆலை புகழ்பெற்றது. மால்ட் சுவை மிகுந்த பீர்களுக்கு ஏற்றது.

- டயமண்ட் லாகர்: கனடாவின் லாலமண்ட் நிறுவனத்துடையது. 10 முதல் 15 டிகிரி வரை பரிந்துரைக்கப்படுகிறது. மணம் மிகக் குறைவு.

- நோவாலாகர்: அதே நிறுவனம் 2020களில் வெளியிட்ட புதிய கலப்பினம். 10 முதல் 20 டிகிரி வரை ஏற்கும். கந்தக வாடை மிகக் குறைவு.

- எம்-54: நியூசிலாந்தின் மாங்குரோவ் ஜாக்ஸ் விற்கும் கலிபோர்னிய லாகர் வகை. 18 முதல் 20 டிகிரியில் வேலை செய்யும்.

தேர்வின் அடிப்படைகள்

வகைகளை ஒப்பிடும்போது நான்கு பண்புகள் கவனிக்கப்படுகின்றன. முதலாவது வெப்ப எல்லை. இரண்டாவது, சாற்றின் சர்க்கரையில் எவ்வளவை உண்ணும் என்பது. டபிள்யூ-34/70 சுமார் 80 முதல் 84 விழுக்காடு வரை உண்ணும். மூன்றாவது, முடிவில் திரண்டு அடியில் படிந்து பீரைத் தெளியவைக்கும் தன்மை. நான்காவது மணம்.

அளவும் முக்கியம். குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகுவதால் லாகருக்குக் கூடுதல் ஈஸ்ட் வேண்டும். ஏல் வகைக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் போதும். லாகருக்கு 80 முதல் 120 கிராம் வரை தேவை. 12 டிகிரிக்குக் கீழே நொதிக்கவைத்தால் இன்னும் மிகுதி. 20 லிட்டர் லாகருக்கு 11.5 கிராம் உறைகள் இரண்டு என்ற வழக்கம் இக்கணக்கிலிருந்து வந்தது. ஓர் உறையோடு நிறுத்தினால் ஈஸ்ட் திணறி, விரும்பாத மணங்களைத் தரும்.

நொதித்தலின் இறுதியில் டைஅசெட்டைல் என்ற பொருள் வெண்ணெய் வாடையாக நிற்கும். அதை ஈஸ்டே மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, இரண்டு மூன்று நாள் வெப்பத்தை 16 முதல் 18 டிகிரிக்கு உயர்த்துவர். அதன்பின் 0 முதல் 2 டிகிரியில் கிடப்பில் வைப்பர். கந்தக வாடை இக்காலத்தில் மறையும். ஆகவே நல்ல வகையை வாங்குவது மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டிய வெப்பநிலையைத் தரக்கூடிய பெட்டி வேண்டும். வீட்டில் லாகர் செய்வோர் பலர் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பழைய குளிர்பெட்டியைப் பயன்படுத்துவது இதனாலேயே.

வெப்ப நாடுகளின் வழிகள்

குளிர் இல்லாமல் லாகர் செய்யும் முயற்சி புதியதல்ல. 1850களில் தங்கம் தேடிக் கலிபோர்னியா சென்ற ஜெர்மானியர், பனிக்கட்டி கிடைக்காத இடத்தில் லாகர் ஈஸ்டைச் சூடான நிலையிலேயே நொதிக்கவைத்தனர். அதனால் பிறந்த பீர் ஸ்டீம் பீர் எனப்பட்டது. அந்தச் சூழலில் பல தலைமுறை வாழ்ந்த ஈஸ்ட், 18 டிகிரியிலும் ஓரளவு சுத்தமான சுவை தரும் வகையாக மாறியது. கலிபோர்னிய லாகர் என்ற பெயர் இவ்வரலாற்றைக் குறிக்கிறது.

மற்றொரு வழி நார்வேயிலிருந்து வந்தது. அந்நாட்டு உழவர் வீடுகளில் குவைக் எனப்படும் ஈஸ்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். மரவளையங்களையும் துணியையும் ஈஸ்டில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த பீர் வரை தொங்கவிட்டனர். ஆலைகள் உலர் ஈஸ்ட் செய்வதற்கு வெகுமுன்பே அவர்கள் வீட்டில் செய்தது உலர் ஈஸ்ட்தான். குவைக் 35 முதல் 40 டிகிரியிலும் கெட்ட வாடை இல்லாமல் நொதிக்கும். இதில் சில வகைகள் இன்று உலர் உறைகளில் கிடைக்கின்றன. அவற்றில் மணம் குறைந்தவற்றைக் கொண்டு லாகர் போன்ற பீர் செய்யப்படுகிறது. இனத்தால் அது ஏல் ஈஸ்ட் என்பதால் அப்பீரை லாகர் என்று சொல்ல இயலாது.

பனைமரத்தின் ஈஸ்ட்

வெப்பத்தில் நொதிக்கும் ஈஸ்டைத் தேடித் தமிழர் நார்வே வரை செல்ல வேண்டியதில்லை. பனை, தென்னைக் கள்ளை நொதிக்கவைப்பதும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே இனமே. 30 டிகிரி வெப்பம் அதற்கு இயல்பானது. கூடவே சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும், தயிரில் உள்ளவை போன்ற லாக்டிக் பாக்டீரியாக்களும் வேலை செய்கின்றன. ஆகவே கள் சில மணி நேரத்தில் நுரைத்து, ஒரு நாளில் புளித்துக் காடியாகத் தொடங்குகிறது.

பனையேறிகள் இங்கே ஒரு தேர்வைச் செய்தனர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாற்றின் காரத்தன்மை கூடி ஈஸ்டும் பாக்டீரியாவும் முடங்கும். கிடைப்பது இனிப்பான பதநீர். சுண்ணாம்பு இல்லாமல், பழைய மண்டி ஒட்டிய கலயத்தைக் கட்டினால் கிடைப்பது கள். நுண்ணோக்கி இல்லாமலே நொதித்தலைத் தொடங்கவும் நிறுத்தவும் தெரிந்த அறிவு இது. பவேரியர் குளிரால் செய்த கட்டுப்பாட்டை இவர்கள் சுண்ணாம்பால் செய்தனர்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவுகிறது. பதநீர் இறக்கலாம். கேரளத்திலும், இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் கள் சட்டப்படி கிடைக்கிறது. லாகர் ஈஸ்டைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் 140 ஆண்டுகளாகப் பெயரிட்டு, பிரித்து, மரபணு வாசித்து வைத்துள்ளன. கள்ளின் ஈஸ்டுக்கு அவ்வாறு பெயரிட்ட வகைகளோ, கடையில் கிடைக்கும் உறைகளோ இல்லை. தூய வகையாகப் பிரிக்கப்படாத ஈஸ்ட், அதைக் கையாளும் தொழில் நிற்கும்போது கலயத்தோடு மறையும் வாய்ப்பு உண்டு. குவைக் விஷயத்தில் நார்வேயின் சில உழவர் குடும்பங்கள் விடாமல் காத்ததாலேயே 2010களில் ஆய்வாளர் கைக்கு அது எட்டியது.

தமிழ்நாட்டில் சட்ட நிலை

1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. விற்பனைக்கா, சொந்தப் பயன்பாட்டுக்கா என்ற வேறுபாடு வீட்டுத் தயாரிப்பைக் காப்பதில்லை. ஆகவே சென்னீர்குப்பத்தில் ஒருவர் டிரை ஈஸ்ட் வாங்கி ரொட்டி சுடலாம். லாகர் ஈஸ்ட் வாங்கி பீர் தயாரிக்க இயலாது. சில கிலோமீட்டர் தொலைவில் உரிமம் பெற்ற ஆலையில் அதே இன ஈஸ்ட் தொட்டி தொட்டியாக வளர்க்கப்படுகிறது. நுண்ணுயிரியல், உணவுத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கு இத்துறை பாடமாகவும் வேலைவாய்ப்பாகவும் உள்ளது. வீட்டில் உலர் லாகர் ஈஸ்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழும் தமிழர்க்கே உரியது.

அவர்களுள் சிங்கப்பூரில் இருப்பவர்க்கும் மெல்பர்னில் இருப்பவர்க்கும் ஒரே ஈஸ்ட் பொருந்தாது. குளிர்பெட்டி உள்ளவர்க்கு டபிள்யூ-34/70 அல்லது டயமண்ட், 18 முதல் 20 டிகிரி மட்டுமே தர முடிந்தவர்க்கு நோவாலாகர் அல்லது எம்-54, குளிரே இல்லாதவர்க்கு குவைக் என்பது பொதுவான வழிகாட்டல். 19ஆம் நூற்றாண்டில் ஆலையை நீலகிரிக்குக் கொண்டு சென்ற அதே காரணம்தான் இன்று உறையின் பின்பக்கத்தில் இரண்டு எண்களாக, மிகக் குறைந்த வெப்பம், மிகக் கூடிய வெப்பம் என்று அச்சிடப்பட்டுள்ளது. தேர்வு அந்த இரு எண்களை முதலில் படிப்பதிலிருந்து தொடங்குகிறது.